அருகிலுள்ள விற்பனையாளர்களிடம் தொரோபிரெட் வாங்குதல்: 4 லாயங்கள், 9 குதிரைகள்

சவாரிக்கென்று, பந்தயத்துக்குப் பேர்போன இனமான தொரோபிரெட் குதிரை ஒன்றை, ஏலத்துக்கோ தொலைவிலுள்ள பண்ணைக்கோ போகாமல், வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய விற்பனையாளர்களிடமே வாங்குவது என்று முடிவு செய்தேன். 5 மாதங்களில் 4 லாயங்களில் 9 குதிரைகளைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று இப்போது 14 மாதங்களாக என்னிடம் இருக்கிறது. விற்ற நால்வரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் குதிரைத் தரகர், ஒருவர் பந்தயப் பயிற்சியாளர், ஒன்று சவாரிப் பள்ளி, கடைசியாக ஒரு தனி உரிமையாளர். எங்கே குதிரை தேடினாலும் பெரும்பாலும் இந்த நான்கு வகையினரில் ஒருவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் வகையைச் சொன்னாலே போதும். அருகில் வாங்கியதால் விலை குறையவில்லை. தேர்ந்தெடுக்கக் குதிரைகளும் அதிகம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே பெரிய அனுகூலம், ஒரு முறை பார்த்த குதிரையை இன்னொரு நேரத்தில், விற்பவர் தயார் செய்து வைக்காத நிலையில், மறுபடியும் போய்ப் பார்க்க முடிந்ததுதான். ஒரே நாளில் பார்த்து அன்றே முன்பணம் கொடுப்பவருக்கு அந்த அனுகூலமும் இல்லை.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். உயரமாக, மெலிந்த கால்களோடு, மினுமினுக்கும் தோலோடு இருக்கும் எந்தக் குதிரையையும் தொரோபிரெட் என்று சொல்லி விற்கிறார்கள். கலப்பில்லாத இனம் என்பதற்கான பொதுச்சொல் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் இனத்தின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் இங்கிலாந்துக்கு வந்த பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிக்குதிரைகளில்தான் இன்றைய தொரோபிரெட் எல்லாவற்றின் தந்தைவழியும் போய் முடிகிறது. இந்த வம்சாவளிகளுக்கான பொதுப் பதிவேடு 1791இல் முதன்முதலாக வெளிவந்தது. அன்று முதல் ஒரு குதிரையைத் தொரோபிரெட் ஆக்குவது பதிவேடுதானே ஒழியத் தோற்றம் அன்று. தாயும் தந்தையும் பதிவானவையாகவே இருந்தாலும், செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை இந்த இனத்தில் சேர்த்துக்கொள்வதில்லை, அவ்வளவு கண்டிப்பு. பதிவான குதிரைக்கு அடையாளப் புத்தகம் ஒன்று இருக்கும். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, மயிர்ச்சுழிகள் எல்லாம் அதில் வரைபடமாகக் குறிக்கப்பட்டிருக்கும். பல நாடுகளில் கழுத்தின் இடப்பக்கத்தில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பும் பொருத்துகிறார்கள். புத்தகமும் சிப்பும் இல்லாத குதிரை நல்ல குதிரையாக இருக்கலாம், ஆனால் அதற்குத் தொரோபிரெட்டின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தரகரின் லாயத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதன் சுத்தம்தான். சொன்ன நேரத்துக்குப் போனபோது குதிரை சேணம் பூட்டி வெளியே நின்றது. செம்பழுப்பு உடல், கருத்த பிடரி, நெற்றியில் கவிழ்த்து வைத்த பிறை போன்ற ஒரு வெள்ளை. வயது 8, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது, குழந்தையைக்கூட ஏற்றி உட்கார வைக்கலாம் என்றார். குதிரையும் அசையாமல்தான் நின்றது. பிடரி மயிரை ஒதுக்கிக் கழுத்தைத் தொட்டபோது அடிமயிர் ஈரமாக இருந்தது. சேணத்துக்கு அடியில் விரித்த துணியின் ஓரத்தில் உலர்ந்த வியர்வை வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. "வெயில் ஏறுமுன் கொஞ்சம் நடக்க விட்டோம், சார்" என்றார். நடக்க விட்ட குதிரைக்கு அவ்வளவு வியர்க்காது. வாங்க வருபவர் வந்து சேருமுன் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டிக் களைப்பாக்கி வைத்தால் துள்ளுகிற குதிரையும் சாதுவாகத் தெரியும். மூட்டில் லேசான விறைப்பு இருந்தால் உடல் சூடேறியதும் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு நாள் விட்டு அடுத்த நாள் விடியற்காலையில், தகவல் சொல்லாமல் போனேன். குதிரை உள்ளேதான் நின்றது. லாயக் கதவின் மேல்விளிம்பு ஓர் அடி நீளத்துக்குப் பற்பட்டுத் தேய்ந்து, மெருகிட்டது போல வழவழப்பாகக் கிடந்தது. நான் நின்ற கால் மணி நேரத்தில் அந்தக் குதிரை மேல்வரிசைப் பற்களை விளிம்பில் ஊன்றி, கழுத்தை இறுக்கி, ஏப்பம் போன்ற ஓர் ஒலியோடு காற்றை உள்ளே இழுப்பதை 11 முறை எண்ணினேன். முதல் நாள் தொண்டைக்கு அருகில் மயிர் அழுந்திக் கிடந்த கோடு எதனால் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தப் பழக்கத்தை அடக்குவதற்காகக் கழுத்தில் வார் கட்டுவார்கள், விற்கும் நாளில் அதைக் கழற்றிவிடுவார்கள். வெளியே நடத்திக் காட்டச் சொன்னேன். முதல் 20 அடிகளுக்கு இடது முன்காலைக் குறுக்கியே வைத்தது. அந்தக் கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலை மேலே போயிற்று. வலிக்கும் முன்காலில் பாரம் விழாமல் இருப்பதற்காகக் குதிரை அப்படித் தலையை உயர்த்தும். முற்றத்தை இரண்டு முறை சுற்றியதும் நடை சீராகிவிட்டது, முதல் நாள் நான் பார்த்த நடையைப் போலவே.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்த மரியாதை தேவையில்லை. 5 வயதுக்குள் வெட்டுப்பற்கள் எல்லாம் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதற்குப் பிறகு மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லைப் பார்க்க வேண்டும்: 10 வயதளவில் ஈறுக்கு அருகே பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும், 15 வயதளவில் பல்லின் பாதிக்கு இறங்கும், 20 வயதளவில் முழு நீளத்துக்கும் ஓடும். குதிரைக்குக் குதிரை இது முன்பின் ஆகும் என்பதால் துல்லியமான கணக்கு இல்லை. ஆனாலும் 8 வயதென்று சொல்லப்பட்ட குதிரையின் பல்லில் கோடு பாதிக்கு இறங்கியிருந்தால் அதை முன்பின் என்று சொல்லி விட்டுவிட முடியாது. அடையாளப் புத்தகத்தைக் கேட்டேன். இடம் மாற்றும்போது தொலைந்துவிட்டது என்றார். அவரிடமிருந்த இரண்டாவது குதிரைக்கும் புத்தகம் அதே இடமாற்றத்தில்தான் தொலைந்திருந்தது.

பந்தயப் பயிற்சியாளர் இதற்கு நேர்மாறானவர். சிப் படிக்கும் கருவியை அவரே எடுத்துவந்து குதிரையின் கழுத்தருகே பிடித்து, திரையில் தோன்றிய எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். விற்பனைக்கு இருந்த 4 குதிரைகளில் இரண்டை, நான் கேட்கும் முன்னமே, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு வாயால் பதில் சொல்லாமல், என்னைக் குனியச் சொல்லி, என் கையைப் பிடித்து முதல் குதிரையின் முன்காலில், முழங்காலுக்குப் பின்புறத்திலிருந்து கீழ்நோக்கி வைத்தார். வலது காலில் தோலுக்கு அடியில் இழுத்துக் கட்டிய கயிறு போல நேராக இறங்கிய தசைநாண், இடது காலில் நடுவில் தடித்து, வில்லைப் போல வெளியே வளைந்திருந்தது; அந்த இடத்தில் மட்டும் லேசான சூடும் தெரிந்தது. வேகமாக ஓடும் குதிரைகளுக்கு அடிக்கடி வரும் காயம் இது. ஆறினாலும் பழைய இழை திரும்ப வருவதில்லை, வடுதான் வரும். முறையாகத் தேற்றி மீண்டும் வேலைக்குக் கொண்டுவர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். இரண்டாவது குதிரைக்கு மூச்சில் குறை. குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழப்பதால், வேகம் எடுக்கும்போது மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் கரகரப்பான ஓர் ஒலி கேட்கும். நின்ற இடத்தில் எத்தனை நேரம் காது கொடுத்தாலும் கேட்காது, ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டும். உயரமான குதிரைகளில் இது அதிகம். காலைத் தடவிப் பார்ப்பது எப்படி என்று அன்று அவரிடம் கற்றுக்கொண்டது, அதற்கு முன் நான் படித்தது எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

மீதி இரண்டும் 4 வயதுக் குதிரைகள். பந்தய உலகில் வயதை எண்ணும் முறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: வடகோளத்தில் பிறந்த தொரோபிரெட் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1இலும், தென்கோளத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பிறந்தவற்றுக்கு ஆகஸ்ட் 1இலும் ஒரு வயது கூட்டிக்கொள்வார்கள். மே மாதக் கடைசியில் பிறந்த வடகோளக் குட்டிக்கு ஏழே மாதத்தில் ஒரு வயது நிறைந்ததாகக் கணக்கு. ஆகவே பிறந்த தேதியையே கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று மிக அழகான குதிரை. என் கண் அதைவிட்டு நகரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பந்தயக் குதிரைக்கு ஏறும் வழக்கப்படி, ஒருவர் என் காலைத் தூக்கிவிட, நடந்துகொண்டிருந்த குதிரையின் மேல் விழுந்தேன். நிற்க வைக்கலாம் என்று கடிவாள வாரை இழுத்துப் பிடித்ததும் அது வேகம் எடுத்தது. தவறு குதிரையுடையது அன்று; வாரின் மேல் சாய்ந்து ஓடுவதுதான் அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். ஏறும்போது அசையாமல் நிற்பது, தனியே வெளியே போவது, இரு பக்கமும் சமமாகத் திரும்புவது, காலின் அழுத்தத்துக்குப் பணிவது எல்லாவற்றையும் பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு முன் சில மாதங்கள் மேய்ச்சலில் விட்டு உடலும் மனமும் இளக விட வேண்டும்.

அவரிடம் எனக்கிருந்த குறை அவசரம் மட்டுமே. இன்னொருவர் கேட்டிருக்கிறார், மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். உண்மையாகவே இன்னொருவர் இருந்திருக்கலாம். லாயத்தில் ஓர் இடம் காலியானால்தான் அடுத்த குதிரை வரும் என்ற நெருக்கடி எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் உண்டு. விலையில் நால்வரில் மிகவும் இறங்கி வந்தவரும் அவர்தான். குதிரையைப் பழக்கத் தெரிந்தவருக்கு இவரைவிட நல்ல விற்பனையாளர் கிடைக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எனக்குப் பழக்கத் தெரியாது.

சவாரிப் பள்ளியில் பார்த்த இரண்டு குதிரைகளும் உண்மையிலேயே சாதுவானவை. முதுகில் விரல்களை ஊன்றி அழுத்தியபோது இரண்டுமே முதுகைக் கீழே இறக்கிக்கொண்டன, ஒன்று காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. அளவு பொருந்தாத சேணமும் நாளெல்லாம் ஏறி இறங்கும் மாணவர்களும் செய்த வேலை அது. விற்பதற்கான காரணத்தைக் கேட்டபோது மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். அங்கே இரண்டாம் முறை போகவில்லை.

நான் வாங்கியது தனி உரிமையாளர் ஒருவரிடம். பந்தயத்திலிருந்து வந்த குதிரையை எடுத்து இரண்டு ஆண்டுகள் பொறுமையாகப் பழக்கியிருந்த பெண்மணி அவர். தொலைபேசியில் நான் கேட்ட கேள்விகளைவிட அவர் கேட்டவை அதிகம். "இவனை எங்கே நிறுத்துவீர்கள்? துணைக்கு வேறு குதிரை உண்டா? வாரத்துக்கு எத்தனை நாள் ஏறுவீர்கள்? வேலை மிகுந்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று வரிசையாகக் கேட்டார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. குதிரைக்கு வயது 7, காயடித்தது, உயரம் 16 கை. ஒரு கை என்பது 4 அங்குலம். தோள்முகட்டில் அளக்கும்போது ஏறத்தாழ 163 சென்டிமீட்டர். குதிரையைத் தொடாமல் மேய்ச்சலிலேயே விட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அப்படியே விட்டிருந்தார். பிடித்து வருவது, தேய்ப்பது, குளம்பைத் தூக்குவது, சேணம் பூட்டுவது என எல்லாவற்றையும் என் கண் முன்னேயே செய்து, முதலில் அவர் ஏறிக் காட்டிய பிறகுதான் என்னை ஏறச் சொன்னார். விற்பவர் ஏற மறுக்கும் குதிரையில் வாங்க வந்தவர் ஏறக் கூடாது என்பதை அன்று அவரே எனக்குச் சொன்னார்.

அங்கே மொத்தம் 4 முறை போனேன். ஒரு முறை காற்றும் மழையுமாக இருந்த நாளில், குதிரை துணிக்கும் தகரத்துக்கும் எப்படி மிரள்கிறது என்று பார்ப்பதற்காக. ஒரு முறை லாடம் அடிப்பவர் வரும் நாளில். மூன்று கால்களில் பொறுமையாக நின்று, நான்காவதைத் தூக்கியபோது மட்டும் லாடம் அடிப்பவரின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டது. தொரோபிரெட்டின் குளம்புச் சுவர் பொதுவாக மெல்லியது, அடியும் தட்டையாக இருக்கும், ஆணி அடித்த இடத்தில் உடைந்து போகும். ஆகவே 5 அல்லது 6 வாரத்துக்கு ஒரு முறை வரும் அந்த ஆளிடம் குதிரை எப்படி நடந்துகொள்கிறது என்பது சவாரியைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். கடைசி முறை போனபோது வண்டியில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏறியது. அதை அவர் மறைக்க முயலவில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கு விற்பவரின் மருத்துவரை வைத்துக்கொள்ளாமல், குதிரைகளையே பார்க்கும் வேறொரு கால்நடை மருத்துவரை நான் அழைத்துச் சென்றேன். இதில் மிச்சம் பிடிப்பது யானை வாங்கிய பின் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான். ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 36. 28 முதல் 44 வரை இயல்பானது. ஒவ்வொரு காலாக மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் டிராட் என்ற துள்ளு நடையில் ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்த்தார். கேன்டர் என்ற மிதமான பாய்ச்சலில் ஓடவிட்டு மூச்சொலி கேட்டார், முன்கால்களையும் முதுகையும் எக்ஸ்ரே எடுத்தார். வலியை மறைக்கும் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்துக் காட்டியிருந்தால் பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக இரத்தம் எடுத்துச் சேமித்து வைத்தார். இதற்கு விற்பவரின் ஒப்புதலைக் கேட்டபோது அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். தேர்ச்சி, தோல்வி என்று மருத்துவர் சொல்லவில்லை. இடது முன்காலின் எலும்பில் பழைய, ஆறிய ஒரு முடிச்சு, அடிக்குளம்பு மெலிவு, மற்றபடி நான் சொன்ன வகைச் சவாரிக்கு ஏற்றது என்று எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவு நல்ல விற்பனையாளரிடமும் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது குதிரை திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டியதை முதல் முறையே கவனித்துக் கேட்டேன். "அது இவனுடைய குணம், கொஞ்சம் முகம் சுளிப்பான், அவ்வளவுதான்" என்றார். என்னிடம் வந்து மூன்றாவது வாரத்தில் ஓட்ஸை மிச்சம் வைக்கத் தொடங்கியது. குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது உண்டு: குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், நாளெல்லாம் மேய்வதற்கு ஏற்ற அமைப்பு அது, தானியத்தை நிறையக் கொடுத்து, புல்லைக் குறைத்து, மணிக்கணக்கில் வெறும் வயிற்றில் நிறுத்தினால் புண் வராமல் என்ன செய்யும்? 4 வாரம் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து கொடுத்து, 500 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்புல் எப்போதும் எட்டும்படி வைத்த பிறகு தேறியது. அவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். நோயைக் குணம் என்று நம்பியிருந்தார். அந்தப் பரிசோதனையையும் முன்பே சேர்க்காதது என் பிழை.

இரண்டாவது, உரிமை மாற்றம். விற்பனை ஒப்பந்தத்தில் குதிரையின் சிப் எண், மருத்துவ அறிக்கையின் தேதி, இரண்டு வாரச் சோதனைக் காலம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் பதிவேட்டில் பெயர் மாற்றுவதற்கு அவர் கையெழுத்திட வேண்டிய படிவம் 6 வாரம் கழித்துத்தான் வந்தது. முழுத் தொகையையும் குதிரையை ஏற்றிய அன்றே கொடுத்துவிட்டேன்; ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் வரை நிறுத்தி வைத்திருந்தால் படிவம் ஒரே வாரத்தில் வந்திருக்கும்.

விற்ற பிறகு அவர் காட்டிய அக்கறைக்குக் குறை சொல்ல முடியாது. எந்த வேளைக்கு எவ்வளவு தீவனம், எந்த அளவு லாடம், கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி என்று ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். குதிரை தலையைத் தேய்த்துத் தேய்த்து மென்மையாகிப் போன பழைய தலைக்கயிற்றையும் காசு வாங்காமல் கூடவே அனுப்பினார். முதல் மாதத்தில் 3 முறை நேரில் வந்தார். வண்டியில் ஏற மறுத்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் லாயத்தில் நின்று, ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொடுத்தார். தொலைவிலிருந்து வாங்கியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்திருக்காது.

போன வாரம் தரகரிடமிருந்து ஒரு படம் வந்தது. புதிதாக ஒரு தொரோபிரெட் வந்திருப்பதாகவும், நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தால் முதலில் எனக்கே காட்டுவதாகவும் எழுதியிருந்தார். செம்பழுப்பு உடல், கருத்த பிடரி, நெற்றியில் கவிழ்த்து வைத்த பிறை. வயது 7 என்று போட்டிருந்தது.